முற்றத்தில் ஒரு ரோசா: வாளியில் வளர்ப்போம், கையோடு கொண்டுபோவோம்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருக்கும் குடியிருப்புகளுக்குச் சென்றுவரும்போது நாம் ஒன்றை அவதானித்திருக்கிறோம். கொட்டில் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அதன் முன்னாலுள்ள நிலத்துண்டைக் காலையில் கூட்டித் தண்ணீர் தெளிக்காத குடும்பம் அரிது. கூரையின் கீழ் பாய், பெட்டி, அரிசி மூட்டை, பிள்ளைகளின் புத்தகப் பை என்று இடம் முடிந்துவிடுகிறது. மிகுதி வாழ்க்கை வெளியேதான். சமைப்பதும், பிள்ளைகள் படிப்பதும், அயலவர் வந்திருந்து கதைப்பதும், மிளகாய் காயவிடுவதும் முற்றத்திலேயே நடைபெறுகின்றன. கமக்காரக் குடும்பத்துக்கு முற்றம்தான் வீட்டின் பெரிய அறை.

அந்த அறையை ரோசாச் செடிகளால் எப்படி அழகாக்கலாம் என்பதையே இங்கு விளக்க விரும்புகிறோம். "இருக்க இடமில்லை, இதற்குள் பூமரமா?" என்று சிலர் கேட்கலாம். இதைவிடக் கடினமான ஒரு மறுப்பையும் நாம் கேட்டிருக்கிறோம். பூங்கன்று ஒன்று வைக்கச் சொன்னபோது ஒரு பெரியவர் மறுத்தார். "இங்கை மரம் வைச்சால், இனி இங்கைதான் எண்டு ஆகிப்போகும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கமம் செய்தவனுக்கு மரம் நடுவது என்பது மண்ணோடு உடன்படிக்கை செய்வது போன்றது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறிய குடும்பங்களுள் சில 2015க்குப் பின்னரே தம் காணிகளைக் கண்டன. அவ்வளவு காலம் போகும் என்று முதல் நாளில் எவரும் எண்ணவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்தானே" என்று எதையும் நடாமல் இருந்த வருடங்கள் பல வீடுகளில் கழிந்துபோயின.

ரோசா மாமரத்தைப் போன்றதல்ல. அதை வாளியில் வளர்க்கலாம், தடியை வெட்டிப் பெருக்கலாம், போகும்போது தூக்கிக்கொண்டு போகலாம். ஆகவே அதை வைப்பது இங்கேயே இருக்கப்போகிறோம் என்று சம்மதித்தது ஆகாது. இருக்கும் நாட்களை மனிதராக வாழ்கிறோம் என்பது மட்டுமே அதன் பொருள்.

எந்த ரோசாவைத் தெரிவு செய்வது?

நுவரெலியாவுக்கு அருகே, ஐயாயிரம் அடிக்கு மேல் உள்ள ஹக்கல பூங்கா 1861இல் சிங்கோனாப் பயிருக்காக ஆரம்பிக்கப்பட்டது. பின்னர் அது ரோசாக்களுக்குப் பேர்பெற்றது. அங்கு காணும் பெரிய பூக்களைப் பார்த்து ஆசைப்பட்டு, அதே இனத்தை வாங்கி வந்து வன்னி வெயிலில் வைத்து ஏமாறுபவர்கள் பலர். அவற்றுள் பெரும்பாலானவை ஹைபிரிட் ரீ எனப்படும் வகையைச் சேர்ந்தவை. இவ்வகையில் முதலாவதாகக் கொள்ளப்படும் 'லா பிரான்ஸ்' 1867இல் பிரான்சில் உருவானது. மலைநாட்டுக் குளிரில் இவை நன்றாக வரும். எமது வெப்பத்தில் பூ சிறுத்து, ஒரு நாளிலேயே உதிர்ந்துவிடும்.

வரண்ட பகுதிக்கு ஏற்றவை சிறிய பூக்களைக் கொத்தாகப் பூக்கும் வகைகளே. பழைய வீட்டு முற்றங்களில் கவனிப்பில்லாமலே நின்று பூக்கும் இளஞ்சிவப்பு நாட்டு ரோசாக்களும் நல்லவை. கடைக்குப் போகுமுன் உங்கள் அயலில் சுற்றிப் பாருங்கள். மூன்று கோடைகளைத் தாண்டி நிற்கும் செடி எதுவோ, அதுவே உங்களுக்கு உகந்த இனம். அதன் சொந்தக்காரரிடம் இரண்டு தடி கேட்டால் மறுப்பவர் குறைவு.

நிறத்தையும் கவனியுங்கள். கடுஞ்சிவப்புப் பூக்களின் இதழ் ஓரம் நண்பகல் வெயிலில் கருகும். வெள்ளை, இளஞ்சிவப்பு, வெளிர் மஞ்சள் ஆகியவை வெயிலைத் தாங்குவதுடன் மாலை மங்கிய பின்னும் கண்ணுக்குத் தெரியும். முற்றத்தில் நாம் இருந்து கதைப்பது மாலையில்தானே.

கடையில் வாங்கும் கன்று பெரும்பாலும் ஒட்டுக்கன்று. மேலே நல்ல இனமும் கீழே வேறொரு முரட்டு ரோசாவின் வேரும் இருக்கும். ஒட்டுக்குக் கீழிருந்து முளைக்கும் கிளையை விட்டுவைத்தால், அது மேலுள்ள நல்ல இனத்தை நெரித்துவிடும். "ரோசா இனம் மாறிவிட்டது" என்று பலர் சொல்வதன் காரணம் இதுவே. அத்தகைய கிளையைத் தோன்றிய இடத்திலேயே பிடுங்கி எறிய வேண்டும். தடியிலிருந்து நாமே வளர்க்கும் கன்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. வேரும் கிளையும் ஒரே இனம். கிளை முழுவதும் பட்டுப்போனாலும் வேரிலிருந்து அதே பூ மீண்டும் வரும்.

தடியிலிருந்து கன்று

இதற்குச் சிறந்த காலம் மாரி தொடங்கியபின், வெயில் தணிந்திருக்கும் மாதங்கள். செய்யும் முறை வருமாறு:

1. அண்மையில் பூத்து முடிந்த, பென்சில் மொத்தமுள்ள தடியைத் தெரிவு செய்யுங்கள். மிக இளந்தண்டு அழுகும். முற்றிய தண்டு வேர்விடத் தயங்கும்.

2. ஆறு முதல் எட்டு அங்குல நீளத்தில் கூரிய கத்தியால் வெட்டுங்கள். கீழ் வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். வேர் பெரும்பாலும் கணுவை அண்டியே வரும்.

3. நுனியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு மற்றவற்றை அகற்றுங்கள். வேர் இல்லாத தடியால் பல இலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது.

4. பாதி மணலும் பாதி உக்கிய எருவும் கலந்த கலவையில், இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, சுற்றிவர இறுக்குங்கள். தலைகீழாக நட்டுவிடாதீர்கள். வெட்டும்போதே மேற்பக்கத்தை நேராகவும் கீழ்ப்பக்கத்தைச் சரிவாகவும் வெட்டினால் குழப்பம் வராது.

5. அடிப்பக்கம் வெட்டிய தண்ணீர்ப் போத்தலை அதன்மேல் கவிழ்த்து, மூடியைத் திறந்து விடுங்கள். உள்ளே ஈரம் நிற்கும், மிகுதி வெப்பம் வெளியேறும்.

6. மரநிழலில் வையுங்கள். நேர் வெயில் பட்டால் போத்தலுக்குள் தடி வெந்துவிடும்.

நான்கு முதல் எட்டு வாரங்களில் வேர் வரும். துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டதென எண்ணி இழுத்துப் பார்க்கக் கூடாது. தடியில் சேமித்த உணவைக் கொண்டே முதல் துளிர் வரலாம். இரண்டாவது முறை இலை விட்ட பின்னரே மாற்றி நடுங்கள். எல்லாத் தடியும் பிழைப்பதில்லை. ஆகவே ஒரு கன்று வேண்டுமானால் நான்கு தடி நடுங்கள்.

வாளியும் மண்ணும்

நிலம் உங்களுடையதானால் நிலத்தில் நடுங்கள். பிறர் காணியிலோ முகாமிலோ இருந்தால் வாளியில் நடுங்கள். பத்து லீற்றர் பெயின்ற் வாளி போதுமானது. ஈரமண்ணுடன் அதன் நிறை ஏறத்தாழ பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோ. ஒருவர் தூக்கக்கூடிய அளவு இது. ரயர், சீமெந்துத் தொட்டி போன்றவை அழகாக இருக்கலாம். ஆனால் தூக்க முடியாத பாத்திரம் உங்களுக்கு உதவாது. மேலே சொன்ன பெரியவர் கடைசியில் ஒரு கன்றைப் பெற்றுக்கொண்டார். வாளிக்குக் கைபிடி இருக்க வேண்டும் என்பதே அவர் இட்ட நிபந்தனை. நாமும் அதையே சொல்கிறோம்.

பூச்சிகொல்லி, களைகொல்லி வந்த கலன்களை எவ்வளவு கழுவினாலும் பாவிக்க வேண்டாம். செடிக்கும் கேடு, அதைத் தொடும் பிள்ளைகளுக்கும் கேடு.

வாளியின் அடியில் பெருவிரல் நுழையும் அளவில் நான்கைந்து துவாரங்கள் இடுங்கள். அவற்றின் மேல் ஓட்டுத் துண்டுகளைப் பரப்பி, மேல்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் வெறுமையாக இருக்கட்டும். வாளியை இரண்டு கற்களின் மேல் வைத்தால் தண்ணீர் வடியும், கறையானும் எளிதில் ஏறாது. கறுப்பு வாளி வெயிலில் சூடேறி வேரை வாட்டும். வெளிப்புறத்தில் சுண்ணாம்பு பூசுங்கள், அல்லது சாக்கினால் சுற்றுங்கள்.

வாளிக்கு அடியில் தட்டு வைக்க வேண்டாம். தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டுப் பெருகும். வீடுகள் நெருங்கியிருக்கும் குடியிருப்பில் ஒரு தட்டுத் தண்ணீர் பல குடும்பங்களுக்கு ஆபத்தாகலாம்.

இன்னொரு பழக்கத்தையும் திருத்த வேண்டும். அடுப்புச் சாம்பலையும் முட்டைக் கோதையும் ரோசாவுக்குப் போடுவது எமது வழக்கம். ரோசா சற்றுப் புளிப்புத்தன்மையான மண்ணை விரும்பும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மண்ணும் கிணற்று நீரும் சுண்ணாம்புக் கல்லின் காரணமாக ஏற்கெனவே காரத்தன்மை கொண்டவை. அங்கு சாம்பலும் சேர்ந்தால் செடியால் இரும்புச் சத்தை உறிஞ்ச முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இதன் அடையாளம். மருந்து, உக்கிய இலைகுழையும் கூட்டெருவும் மழைநீருமே.

முற்றத்தில் எங்கே வைப்பது?

பலர் பூச்சாடிகளை முற்றம் முழுவதும் ஆளுக்கொரு மூலையாகச் சிதறி வைப்பார்கள். அப்படி வைத்தால் எதுவும் கண்ணில் நிற்காது. மூன்று வாளிகளை ஒன்றாகக் கூட்டி வைத்துப் பாருங்கள். ஒரு சிறு தோட்டம் போலத் தோன்றும். ஒன்றின் நிழல் மற்றதன் மண்ணைக் காக்கும். தண்ணீர் ஊற்றவும் ஒரே நடை போதும்.

இடத்தைத் தெரிவு செய்ய ஒரு நாள் ஒதுக்குங்கள். காலை ஏழு மணி, பத்து மணி, ஒரு மணி, நான்கு மணிக்கு முற்றத்தில் நிழல் எங்கே விழுகிறதென்று பாருங்கள். ரோசாவுக்கு நாளொன்றுக்கு ஆறு மணித்தியால வெயிலாவது வேண்டும். காலை வெயில் பட்டு, இரண்டு மணிக்குப் பின் நிழல் விழும் இடம் மிகச் சிறந்தது. பெரும்பாலும் வீட்டின் கிழக்குப் பக்கம் அவ்வாறு அமையும். வேப்பமரத்தடி நாம் இருக்க நல்லது, ரோசாவுக்கு நல்லதல்ல. நாம் நிழலில் இருந்து பார்க்க, அது வெயிலில் நிற்கும்படி வையுங்கள்.

வாசமுள்ள இனத்தை இருக்கும் வாங்கின் அருகே, காற்று வரும் பக்கமாக வையுங்கள். பிள்ளைகள் ஓடும் பாதையிலிருந்தும் கிணற்றடிப் பாதையிலிருந்தும் இரண்டு அடி தள்ளி வையுங்கள். முள்ளில் கிழிந்த சட்டையோடு வரும் பிள்ளைக்கு ரோசாவின் அழகு விளங்காது.

ரோசாச் செடிக்கு மேலே பூ, கீழே வெறும் தடி. அந்த வெறுமையை மறைக்க முன்னால் தாழ்வான ரின்களில் பத்துமணிப்பூ வையுங்கள். அதற்குத் தண்ணீர் சிறிதே போதும். பின்னால் கிடுகு வேலியோ மண்சுவரோ இருந்தால் வெளிர்நிறப் பூ நன்கு எடுத்துக்காட்டும்.

வேலியும் படலையும்

இந்து சமுத்திரத்திலுள்ள ரியூனியன் தீவு முன்னர் பூர்போன் எனப்பட்டது. அங்கு கமக்காரர் தம் காணிகளுக்கு வேலியாக ரோசாவை நட்டனர். சீன இனமொன்றும் டமஸ்க் இனமொன்றும் அந்த வேலிகளில் அருகருகே நின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை இரண்டும் கலந்து பிறந்த கன்று அங்கு கண்டெடுக்கப்பட்டது. அதன் விதைகள் பிரான்சுக்குப் போய், பூர்போன் ரோசா என்ற புகழ்பெற்ற குடும்பம் உருவானது. பெரும் புகழ் பெற்ற ஓர் இனம் அரண்மனைத் தோட்டத்தில் பிறக்கவில்லை, கமக்காரரின் வேலியில் பிறந்தது.

நீண்ட கொடிபோல் வளரும் இனம் கிடைத்தால் நீங்களும் அதை வேலியில் விடலாம். கொடியை நேராக மேலே விட்டால் நுனியில் மட்டும் பூக்கும். நுனியரும்பு கீழுள்ள அரும்புகளை அடக்கி வைப்பதே காரணம். கொடியை வளைத்து வேலியோடு கிடையாகக் கட்டினால் அந்த அடக்கம் தளர்ந்து, கணுவுக்குக் கணு கிளைவிட்டுப் பூக்கும். கட்டுவதற்குப் பழைய துணிக் கீலம் நல்லது, கம்பி தண்டை அறுக்கும். படலைக்கு இருபுறமும் இரண்டு கதிர்கால் நட்டு, மேலே ஒரு குறுக்குத் தடி கட்டினால் வளைவு தயார்.

வேலிக் கொடியைப் பெயர்த்துச் செல்வது கடினம். பிறர் காணியானால் முதலில் சொந்தக்காரரின் சம்மதத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு மாரியிலும் அதன் தடி இரண்டை வாளியில் வேர்விடச் செய்து வையுங்கள்.

தண்ணீரும் பசளையும்

பவுசரில் தண்ணீர் வரும் இடத்தில் பூவுக்கு ஏது தண்ணீர் என்ற கேள்வி நியாயமானது. கோடையில் ஒரு வாளிச் செடிக்கு நாளொன்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை லீற்றர் தேவை. மூன்று செடிக்கு ஐந்து லீற்றருக்குள் முடிந்துவிடும். அரிசி கழுவிய நீர், மரக்கறி கழுவிய நீர், முகம் கழுவிய நீர் ஆகியவற்றை ஒரு சட்டியில் சேர்த்தாலே பெரும்பகுதி கிடைத்துவிடும். உடுப்புத் தோய்த்த நீரும் உப்புப் போட்டுக் கழுவிய நீரும் வேண்டாம். மூன்றுக்கு மேல் வைக்கவும் வேண்டாம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் போகும் தண்ணீரில் பூ பங்கு கேட்கக் கூடாது.

விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் ஊற்ற வேண்டாம். ஊற்றும்போது காலையில், அடியில் ஊற்றுங்கள். மண்ணின் மேல் வைக்கோல் அல்லது சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். கிணறு உவரானால் இலை ஓரம் கருகும், மண்ணின் மேல் வெள்ளை படியும். மாரி மழையில் வாளியை வெளியே விட்டு, துவாரங்களால் நீர் நன்றாக வடிய விட்டால் அந்த உப்பு கழுவப்பட்டுவிடும்.

மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி கூட்டெரு போடுங்கள். இரண்டு வாரத்துக்கொருமுறை ஒரு பங்கு சாணத்தைப் பத்துப் பங்கு நீரில் கரைத்துத் தெளிய விட்டு ஊற்றுங்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது பட்ட பாட்டை எந்தக் கமக்காரனும் மறக்கமாட்டான். ரோசாவுக்காவது நாம் கடையை நம்பியிருக்க வேண்டியதில்லை.

வெட்டுதலும் நோயும்

வெட்ட வெட்டவே ரோசா பூக்கும். வாடிய பூவை, ஐந்து சிற்றிலை கொண்ட முதல் இலைக்கு மேலாக வெட்டி நீக்குங்கள். காய் பிடிக்க விட்டால் செடியின் பலம் அதற்கே போகும். வருடத்துக்கொருமுறை, மாரியில், காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, மெலிந்த கிளை ஆகியவற்றை அகற்றி, மிகுதியை மூன்றிலொரு பங்கு குறையுங்கள். வெளிப்பக்கம் பார்க்கும் அரும்புக்குக் கால் அங்குலம் மேலே சரிவாக வெட்ட வேண்டும். வெட்டி ஆறு தொடக்கம் எட்டு வாரத்தில் பூ வரும். நவம்பர் கடைசியில் வெட்டினால் தைப்பொங்கலை ஒட்டி முற்றத்தில் பூவைக் காணலாம்.

மாரியில் இலையில் கரும்புள்ளி விழுந்து மஞ்சளாகி உதிர்வது ஒரு பூஞ்சண நோய். இலை தொடர்ந்து பல மணித்தியாலம் ஈரமாக இருந்தால்தான் அது தொற்றும். மாலையில் இலையில் தண்ணீர் தெளிக்கக் கூடாதென்பது இதனாலேயே. விழுந்த இலைகளைப் பொறுக்கி எரியுங்கள், கூட்டெருவில் போடாதீர்கள். கோடையில் இலையின் அடியில் சிற்றுண்ணி வந்து இலை மங்கும். காலை வேளையில் இலையின் அடிப்புறத்தைத் தண்ணீரால் பீச்சிக் கழுவினால் குறையும். துளிரில் அழுகணி மொய்த்தால், இடித்த வேப்பம் பருப்பு ஐம்பது கிராமை ஒரு லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளியுங்கள்.

புறப்படும் நாளில்

சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளாகவும் இருக்கலாம், இன்னோர் இடத்துக்குப் போகும் நாளாகவும் இருக்கலாம். நேரமிருந்தால் ஒரு வாரம் முன்னதாகச் செடியை மூன்றிலொரு பங்கு வெட்டுங்கள். முதல் நாள் காலையில் தண்ணீர் ஊற்றுங்கள். கிளைகளைச் சேர்த்துக் கட்டிச் சாக்கினால் மூடுங்கள். லொறியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் செடியைக் கொல்வது வெயிலைவிடக் காற்றே. போய்ச் சேர்ந்தபின் ஒரு வாரம் நிழலில் வையுங்கள்.

நேரமில்லாவிட்டால் வாளியை விட்டுவிடுங்கள். பூத்து முடிந்த கிளையில் நான்கு தடி வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்ரிக் பையில் இட்டுக் கொள்ளுங்கள். நிழலில் வைத்தால் சில நாட்கள் உயிரோடிருக்கும். பிள்ளையின் புத்தகப் பைக்குள் அது அடங்கும்.

சொந்தக் காணியில் நடும்போது, கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதிப்படுத்தப்பட்ட இடத்தில் மட்டுமே மண்வெட்டி போடுங்கள். ஒன்றரை அடி அகலமும் ஆழமும் கொண்ட குழி வெட்டி, பாதியைக் கூட்டெருவால் நிரப்பி, மேல்மண் கலந்து, வேரோடு ஒட்டிய மண் உடையாமல் வைத்து மூடுங்கள்.

கடைசியாக ஒன்று. முதல் கன்று வேர்விட்டதும் அடுத்த வீட்டுக்கு ஒரு தடி கொடுங்கள். இதைத் தானம் என்று எண்ண வேண்டாம், இது சேமிப்பு. உங்கள் செடி ஒரு கோடையில் பட்டுப்போகலாம், ஓர் அவசரத்தில் விட்டுச் செல்லப்படலாம். அயலில் நான்கு முற்றங்களில் அதே இனம் நின்றால், அது தொலைந்துபோகாது. கேட்டு வாங்க ஒரு வீடு எப்போதும் இருக்கும்.